காசு ஓடாத போன்

தொலைபேசியில் பேசும்போது அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சமையலறைக் கதவை ஒட்டிய நடைவழியில், சுவரில் அடித்த பலகையின் மேல் போன் இருந்தது. மணி அடித்தால் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவருவாள். ஒரு பாதத்தின் மேல் இன்னொரு பாதத்தை வைத்து நின்றபடி, எதிர்ச்சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவாள். சொல்ல வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே மனத்துக்குள் வரிசைப்படுத்தி வைத்திருப்பாள். அம்மாவின் முழங்கால், மாற்றிக் கொடுத்த மாத்திரை, பக்கத்துத் தெருச் சித்தி வந்துபோனது. கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"பேப்பர் என்னடி ஆச்சு?"

"ஆபீஸ்லதான்க்கா இருக்கு. வந்துடும். காசு ஓடுது, வச்சிடட்டுமா?"

வெளிநாட்டில் இருக்கும் தங்கையோடு அவளுடைய பேச்சு வருடக்கணக்கில் இப்படித்தான் முடிந்தது. "காசு ஓடுது" என்று கேட்டதுமே இவளுக்குக் குற்ற உணர்வு வந்துவிடும். தன்னால்தான் ஓடுகிறது என்பதுபோல், "வச்சிடு, வச்சிடு" என்று அவசரமாக ரிசீவரை வைத்துவிடுவாள்.

அக்காவையும் அங்கே வரவழைத்துக்கொள்வதற்கான பேப்பர் அது; தங்கை கல்யாணமாகிப் போன புதிதில் கொடுத்த வாக்கு. தங்கை புருஷன் அங்கே ஒரு சலவைக் கடை வைத்திருந்தான். "உன் கை அங்க இருந்தா கடை எங்கேயோ போயிடும்க்கா. முதல்ல நீ வா. கொஞ்ச நாள் அம்மாவைச் சித்தி பார்த்துக்கட்டும். அப்புறம் அம்மாவையும் வரவழைச்சுக்கலாம்" என்று தங்கை சொல்லியிருந்தாள். புகைப்படம் கேட்டாள், இவள் அனுப்பினாள். பிறந்த தேதிச் சான்றின் நகல் கேட்டாள், அதையும் அனுப்பினாள். அலமாரியின் மேல் ஒரு பெட்டி அன்றிலிருந்து தயாராக இருந்தது. குளிர்நாடு என்பதால் தடிமனான மேலங்கி ஒன்றை வாங்கி அதில் வைத்திருந்தாள். பூச்சி அரிக்காமலிருக்க அவ்வப்போது எடுத்து வெயிலில் உலர்த்தி, மறுபடி மடித்து வைப்பாள்.

அவள் வேலை பார்த்தது பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில். துவைத்து உலர்ந்து சூடாக வரும் படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிக்க வேண்டும். நுனியைப் பிடித்து உதறி, நெருங்கி வந்து, நுனிகளைச் சேர்த்து, விலகி, மறுபடி நெருங்கி வர வேண்டும். அவளுக்கு எதிரே நிற்பவளுக்கு வாய் ஓயாது. அதனால் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். இவளுக்கு வைத்த பெயர் 'பயணம்'. கூடத்துக்கு மேற்பார்வையாளராக இவளைப் போடுவதாக நிர்வாகம் கேட்டபோதெல்லாம், "வேண்டாங்க, நான் போறவ. பாதியில விட்டுட்டுப் போனா நல்லா இருக்காது" என்று ஒதுங்கிக்கொண்டாள். அதனால் வந்த பெயர்.

"பயணம், விமானம் இன்னிக்கா நாளைக்கா?" என்பாள் ரேடியோ, விரிப்போடு நெருங்கி வரும்போது.

"பேப்பர் ஆபீஸ்ல இருக்குடி."

"அந்த ஆபீஸ்ல எல்லாரும் செத்துட்டாங்களா என்ன? கொஞ்சம் உக்காந்து விவரமா கேளேன் உன் தங்கச்சிகிட்ட."

"எங்க கேக்கறது? வாயைத் திறக்கறதுக்குள்ள காசு ஓடிடுது."

விரிப்பின் நுனியைக் கையில் பிடித்தபடி ரேடியோ நின்றுவிட்டாள். "அப்ப காசு ஓடாத போனா வாங்கு."

பேச்சுக்குச் சொன்னதுதான். ஆனால் அது இவள் மனத்தில் ஒட்டிக்கொண்டது. கைபேசியில் முகம் பார்த்துப் பேசுவது அந்தத் தெருவுக்கு வந்திராத காலம். அவள் வீட்டுப் பழைய இணைப்பில் வெளிநாட்டுக்குப் பேசினால் பில்லைப் பார்க்கவே மனம் துணியாது. முதலில் கடைகளில் விற்கும் அழைப்பு அட்டை ஒன்றை வாங்கிப் பார்த்தாள். மேல்பூச்சைச் சுரண்டி, நீளமான எண்ணை அழுத்தி, இணைப்புக் கிடைத்துப் பேச ஆரம்பித்தால், அட்டையில் போட்டிருந்த நேரத்தில் பாதிகூட ஆகியிருக்காது, ஒரு பெண்குரல் குறுக்கே வந்து "உங்கள் இருப்பு முடியப் போகிறது" என்று அறிவித்தது. அந்தக் குரலின் இனிமைதான் அவளுக்கு அதிக எரிச்சல். இன்னொரு கம்பெனி அட்டையில் தங்கையின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பேசியதையே இரண்டு முறை பேச வேண்டியிருந்ததில் மிச்சமான காசும் போயிற்று.

அப்புறம்தான் சந்தை முனையில் குடை விரித்து உட்கார்ந்திருந்த புதுக் கம்பெனி விற்பனையாளனிடம் ரேடியோ அவளை இழுத்துக்கொண்டு போனாள். வீட்டு போனையே ஒரு சிறிய பெட்டியில் சொருகிவிடுவார்களாம். மாதம் ஒரே தொகை. வெளிநாட்டுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம்.

"எவ்வளவு வேணா பேசலாமா? அப்ப எனக்கு ரெண்டு கொடுப்பா" என்றாள் ரேடியோ. விற்பனையாளன் சிரித்தான்.

இவள் சிரிக்கவில்லை. பேசக் கூச்சமே தவிர, கண் எப்போதும் விழித்துக்கொண்டிருக்கும். அவன் நீட்டிய தாளில் 'அளவில்லாமல்' என்று பெரிதாக அச்சிட்டிருந்ததன் தலைமாட்டில் எறும்பளவு நட்சத்திரம் ஒன்று இருந்தது. ரேடியோவின் முழங்கையைக் கிள்ளி, "அந்த நட்சத்திரம் எதுக்குன்னு கேளு" என்றாள் மெதுவாக.

ரேடியோ கேட்டாள். "அது ஒண்ணுமில்லக்கா. வீட்டு போனுக்குப் பேசினாத்தான் இலவசம். கைபேசிக்குப் பேசினா தனிக் கட்டணம்" என்றான் அவன், தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே.

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குப்பா நட்சத்திரம் போட்டு வச்சிருக்கீங்க?"

"அந்தப் பக்கம் எடுத்து, பேசாம சும்மா வச்சிருந்தாலும் இலவசந்தானான்னு கேளு" என்றாள் இவள்.

"விடிய விடிய வச்சிருந்தாலும் இலவசம்தான்க்கா. நீங்க வைக்கற வரைக்கும் லைன் உங்களுது" என்றான் அவன், இப்போது நேராக இவளைப் பார்த்து.

அந்த வார்த்தைக்காகவே இவள் சேர்ந்தாள்.

தங்கையிடம் வீட்டு எண்ணை வாங்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது. "வீட்டு போனை நாங்க யாருமே எடுக்கறதில்லக்கா. நானே கூப்பிடறேனே, உனக்கு எதுக்குச் செலவு?" என்றாள்.

"இனிமே எனக்குக் காசே ஓடாதுடி. எவ்வளவு நேரம் வேணா பேசலாம்."

"அப்படியா? நல்லது" என்றாள் தங்கை. வேறெதையோ பார்த்துக்கொண்டே சொன்னதுபோல் இருந்தது. எண்ணைக் கொடுத்தாள்.

புதுப் பெட்டியைப் பொருத்திய அன்று இவள் பின்கட்டில் கிடந்த முக்காலியைக் கழுவித் துடைத்து போனுக்கு அடியில் போட்டாள். முதல் தடவை அதில் உட்கார்ந்து பேசியபோது என்ன பேசுவதென்றே தெரியவில்லை. வரிசைப்படுத்தி வைத்திருந்ததெல்லாம் வழக்கமான நேரத்துக்குள் தீர்ந்துவிட்டது. மீதி நேரத்தைத் தங்கை வீட்டுச் சத்தங்கள் நிரப்பின. குழாய் திறந்து மூடுவது, பாத்திரம் வைப்பது, நாற்காலி இழுபடுவது. தான் வாழப்போகிற வீட்டுக்குள் காதை மட்டும் முதலில் அனுப்பிவைத்ததுபோல் அவளுக்கு இருந்தது.

தங்கைக்கு அப்படி இல்லை. இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு, "விருந்தாளி வந்திருக்காங்க", "அடுப்புல இருக்கு", "தலைவலி" என்று ஆரம்பித்தாள். பேப்பர் பற்றிக் கேட்டால், "உனக்கு இதே பேச்சுத்தானா?" என்றாள். ஓடும் காசு இல்லாமல் போனதும் பேச்சை முடிக்கத் தங்கை தடுமாறுகிறாள் என்பது இவளுக்குப் புரிந்தது. ஏன் முடிக்க வேண்டும் என்பதுதான் புரியவில்லை.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் கூப்பிட்டாள். அம்மா உள்ளறைக் கட்டிலில் படுத்திருந்தாள். அம்மாவுக்கு முழங்கால்தான் போயிற்று, காது கூர்மை. தங்கை எடுத்தாள். நலம் விசாரித்தாள். பேப்பர் பேச்சு வந்ததும், "இரு அக்கா, யாரோ வந்திருக்காங்க போல" என்று ரிசீவரை மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள்.

முன்பெல்லாம் "இரு" என்ற சொல் காதில் விழுவதற்குள் இவள் வைத்துவிடுவாள். இன்று முக்காலியில் சுவரோடு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, அந்த வீட்டின் சத்தங்களுக்குக் காது கொடுத்தாள். கதவு திறந்தது. யாரோ இல்லை, தங்கை புருஷன்தான்.

"யாரு போன்ல?"

"அக்காதான்."

"லைன்ல இருக்காங்களா?"

"எங்க இருப்பா? இருன்னு சொன்னாலே வச்சிடுவா. எந்த போனா இருந்தாலும் காசு போகுதேன்னு அவளுக்கு உயிரே போயிடும்." தங்கை சிரித்தாள். சிறு வயதில் இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் சிரித்த அதே சிரிப்பு.

"இன்னிக்கும் பேப்பர் கேட்டாங்களா?"

"கேக்காம இருப்பாளா?"

"பாவம், எத்தனை நாளைக்குத்தான் ஆபீஸ்ல இருக்கு ஆபீஸ்ல இருக்குன்னு சொல்லுவ? மனுவே போடலைன்னு சொல்லித் தொலைச்சிடேன்."

"சொல்லிட்டு? உடனே போடுன்னு நிப்பா. அவ இங்க வந்துட்டா அம்மாவை யாரு பார்க்கறது? சித்தி ரெண்டே நாள்ல கைவிரிச்சிடுவாங்க. அப்புறம் நான்தான் ஓடணும். அவளுக்கு அங்க என்ன குறை? புருஷனா, பிள்ளையா? எங்க இருந்தாலும் துணி மடிக்கறவதானே."

தங்கை புருஷன் ஏதோ சொன்னான், கேட்கவில்லை. குழாய் திறக்கும் சத்தம். பாத்திரம் வைக்கும் சத்தம். இத்தனை நாள் ஆசையோடு கேட்ட அதே சத்தங்கள்தாம்.

இவள் ரிசீவரை வைக்கவில்லை. வைத்தால் தான் கேட்டது தங்கைக்குத் தெரியாமல் போய்விடும் என்று தோன்றியது. அப்புறம் மறுபடி பேப்பர் பற்றிக் கேட்க வேண்டும், மறுபடி அந்தப் பதிலை நம்புவதுபோல் நடிக்க வேண்டும். அதைவிட இருப்பதே மேல். இருந்தாள்.

நெடுநேரம் கழித்துத் தங்கை மேசைப் பக்கம் வந்தாள். கிடந்த ரிசீவரை எடுத்து வைக்கப் போனவளுக்கு மூச்சுச் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"அக்கா? ஐயோ, இன்னும் வைக்கலையா நீ?"

"இப்ப காசு ஓடாதுன்னு சொன்னேனேடி."



"எப்ப... எதுல இருந்து கேட்டுட்டிருந்த?"

"நீ இருக்கச் சொன்ன. இருந்தேன்."

"அக்கா, அவர்கிட்ட சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது அது. நீ தப்பா..."

"என் போட்டோவை என்னடி பண்ணின?" என்று கேட்டாள் இவள். ஏன் அதைக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. அழுகைச் சத்தம் மட்டும் வந்தது. வழக்கமாக அந்த அழுகைக்கு உருகிவிடுவாள். அன்று சத்தமில்லாமல் ரிசீவரை வைத்தாள்.

உள்ளறையில் அம்மா தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, சொல்லிட்டாளா?"

"என்னத்தை?"

அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தத் திரும்பலிலேயே இவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "மனு போடலைன்னு உனக்கும் தெரியுமாம்மா?"

"நான்தான் அவகிட்ட அவசரப்படாதேன்னேன்" என்றாள் அம்மா சுவரைப் பார்த்தே. "நீயும் போயிட்டா எனக்கு யாருடி இருக்கா?"

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் இருந்திருப்பேனே."

இவள் சமையலறைக்குப் போனாள். அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கும் நேரம். தண்ணீரைச் சூடாக்கி, மாத்திரையைப் பிரித்து, கட்டிலருகில் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை.

அவளை அதிகம் அறுத்தது போகமுடியாமல் போனதல்ல. கேட்டிருந்தால் தானே விட்டுக்கொடுத்திருப்பாள் என்பது அம்மாவுக்கும் தங்கைக்கும் தெரியும். கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள். வெயிலில் மேலங்கியை உலர்த்திய ஒவ்வொரு தடவையும் அம்மா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தாள் என்பது நினைவுக்கு வந்தது. "நல்லா உதறி மடிடி, பூச்சி இருக்கப் போகுது" என்றுகூடச் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் சலவைக்கூடத்தில் ரேடியோ விரிப்போடு நெருங்கி வந்து, "பயணம், காசு ஓடாத போன்ல என்ன சேதி?" என்றாள்.

"மனுவே போடலையாம்."

அன்று மதியம்வரை ரேடியோ பேசவே இல்லை. அவளைத் தெரிந்தவர்களுக்கு அது எத்தனை பெரிய காரியம் என்று தெரியும். மதியத்துக்கு மேல் இவள் நிர்வாகத்தின் அறைக்குப் போய், மேற்பார்வை வேலை காலியாக இருக்கிறதா என்று கேட்டாள். வேறொருத்தியைப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். "நீங்கதான் போறவன்னு சொன்னீங்களேம்மா" என்றார்கள். சரி என்று திரும்பி வந்து விரிப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது அவள் அதே கூடத்தில், அதே இடத்தில் நின்று மடிக்கிறாள். பயணம் என்றுதான் இன்னும் கூப்பிடுகிறார்கள். மேலங்கியை ரேடியோவின் மகள் போட்டுக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை கூப்பிடுகிறாள். இவள் ரிசீவரை எடுத்து, "அம்மாகிட்ட கொடுக்கறேன்" என்று நின்றபடி சொல்லிவிட்டு, நீளமான கம்பியை இழுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் கொடுக்கிறாள். முக்காலி குளியலறையில் இருக்கிறது. அம்மா அதில் உட்கார்ந்து குளிக்கிறாள், இவள் தண்ணீர் ஊற்றுகிறாள்.