சத்தம் பற்றி ஒரு வரியும் இல்லை

கடலடிக் கேபிள் தீவுக்கு வருவதற்கு முந்தைய வருடங்களில், இணையத்தில் படம் பார்ப்பது எங்களுக்கு நடக்காத காரியம். எழுத்து மட்டும் எப்படியோ வந்து சேரும். அதனால் நான் படங்களைப் பார்த்ததைவிட, அவற்றின் டிஸ்க்கை வாங்கியவர்கள் எழுதிய விமர்சனங்களைப் படித்ததுதான் அதிகம்.

பொழுதுபோக்காகப் படிக்கவில்லை. தீவின் ஹேடோ பகுதியில், துறைமுகக் குவார்ட்டர்ஸில் நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம். தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்களின் இன்ஜின் ரூமில் வேலை பார்த்து, ஓய்வு பெறும்போது அப்பாவின் காது பெரும்பாலும் போயிருந்தது. காது மெஷின் அலமாரியில் கிடந்தது. போட்டால் வீடே இன்ஜின் ரூம் மாதிரி இருக்கிறது என்பார். அம்மா இறந்த பிறகு வீட்டில் பேச்சு "சாப்டாச்சா", "மழை வருது" என்ற அளவில் நின்றுவிட்டது. மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை மதியப் படம் ஒன்றுதான். அதிலும் பாதியில் எழுந்துவிடுவார்.

"அரே, என்ன படம் இது! ஹீரோ வாய்க்குள்ளயே முணுமுணுக்கிறான். நீயே பாரு."

கேட்கவில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. மீதிப் படத்தை நான் தனியாகப் பார்ப்பேன், அல்லது அணைத்துவிடுவேன்.

வசனம் எழுத்தில் ஓடினால் உட்காருவார் என்று நினைத்தேன். ஆனால் அப்பா தமிழ் பேசுவாரே தவிர, படிக்க மாட்டார். இங்கே இந்தி மீடியத்தில் படித்தவர். தமிழ்ப் படத்துக்கு இந்தி சப்டைட்டில் என்பது மெயின்லேண்டில் யாரும் தேடாத பொருள். டிஸ்க்கின் அட்டையில் போட்டிருப்பதை நம்ப முடியாது. திருப்பி அனுப்பவும் முடியாது. அதற்கான கெடு, பார்சல் கப்பலில் வந்துகொண்டிருக்கும்போதே முடிந்துவிடும். ஆக, விமர்சனங்கள்தான் கதி.

நான் கிரேன்களின் மின்பராமரிப்பைப் பார்க்கும் இன்ஜினியர். எதையும் வகை பிரிக்காமல் இருக்க எனக்கு வராது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: ஒன்று, கூரியர்காரரைத் திட்டுபவர்கள். இரண்டு, கதை முழுவதையும் சொல்லிவிடுபவர்கள். மூன்று, ஹீரோவின் ரசிகர்கள். இவர்கள் உறையைப் பிரிக்காமலே ஐந்து நட்சத்திரம் போடுவார்கள். நான்கு, டிஸ்க்கை உண்மையிலேயே பிளேயரில் போட்டுப் பார்த்தவர்கள்.

பல மாதம் தேடியும் நான்காவதில் ஒரே ஒரு ஆள்தான் தேறினார். பெயர் கிடையாது, இரண்டு எழுத்தும் சில எண்களும்தான். ஒரு பழைய நகைச்சுவைப் படத்தைப் பற்றி ஆங்கிலத்தில் இப்படி எழுதியிருந்தார்: அட்டையில் ஆங்கில சப்டைட்டில் மட்டும் என்று இருக்கிறது, இந்தியும் உண்டு, எழுத்துப்பிழை நிறைய, ஆனால் ஒரு வசனமும் விடவில்லை.

வரவழைத்தேன். அந்த ஞாயிறு அப்பா முதல் அரை மணி நேரத்தில் எழவில்லை. பிறகு சிரித்தார். எனக்கு எதற்கென்று தெரியவில்லை. ஒரு விநாடி கழித்துத்தான் நடிகர் ஜோக்கைச் சொன்னார். அப்போது நான் சிரித்தேன். மறுபடியும் அப்படியே. வசனத்தைவிட எழுத்து முந்தி வந்துகொண்டிருந்தது.

அப்பா திரும்பிப் பார்த்தார். "என்னம்மா, எல்லாம் முடிஞ்சப்புறம் சிரிக்கிற? மெயின்லேண்ட் போய் இன்ஜினியரிங் படிச்சும் ஒரு ஜோக்கு புரிய இவ்ளோ டைமா?"

கடைசிவரை உட்கார்ந்திருந்தார். அடுத்தடுத்த நாற்காலிகளில் இருந்தும், இரண்டரை மணி நேரத்தில் ஒருமுறைகூட நாங்கள் சேர்ந்து சிரிக்கவில்லை.

படம் முடிந்ததும் கோபமாக அந்த விமர்சனத்தைத் திறந்தேன். இவ்வளவு பார்த்தவருக்கு இது எப்படித் தெரியாமல் போகும்? கேட்டு எழுதுவதற்கு முன் அவருடைய மற்ற விமர்சனங்களையும் படித்தேன். அட்டை, மெனு, படத்தின் தெளிவு, சப்டைட்டில். எல்லாவற்றிலும் இதே வரிசை. எதிலும் சத்தம் பற்றி ஒரு வரியும் இல்லை.

அவருக்கும் காது கேட்காது. பக்கத்து நாற்காலியில் கேட்கிற யாராவது இருந்திருந்தால் சொல்லியிருப்பார்கள். யாரும் இல்லை போலிருக்கிறது.

நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக அதன் கீழேயே ஒரு விமர்சனம் எழுதினேன்: மேலே உள்ளவர் சொன்னது எல்லாம் சரி, சத்தமும் தெளிவாக இருக்கிறது. எழுத்து ஒரு விநாடி முந்தி வருகிறது என்று எழுதி, அவர் படிப்பாரே என்று அழித்துவிட்டேன். பார்த்ததை மறைப்பது நான்காம் வகை ஆள் செய்யக் கூடாத காரியம்.

அடுத்த ஞாயிறு அப்பா அதே படத்தைக் கேட்டார். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கினேன். அவருக்குத் தெரியவில்லை. மின்விசிறியும், துறைமுகத்தில் ஏதோ சரக்கு இறக்குவதும் மட்டும் எனக்குக் கேட்டன. இந்தமுறை நானும் இந்தி எழுத்தையே படித்தேன். முதல் ஜோக்குக்கு இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தோம்.

"இன்னிக்குப் பரவாயில்ல, தேறிட்ட," என்றார் அப்பா.