நாக்கில் துணி சுற்றிய மணி

தம்பி ஆண்டவரிடம் போய் வருடம் திரும்பிவிட்டது. கூடப்பிறந்தவள் நான் இருக்கும்போது அவரைப் பற்றி வேறு யார் சொல்வது?

ராயப்பன்பட்டிப் பக்கம், திராட்சைத் தோட்டத்துக் கூலி வீட்டில் பிறந்தவர் தம்பி. படிப்பு ஏறவில்லை. மீசை முளைக்கும் வயதில் எங்கள் ஊர் மாதா கோயிலில் கோயில்பிள்ளை வேலைக்குச் சேர்ந்தார். பீடம் துடைப்பார், மெழுகுதிரி ஏற்றுவார். மணி மட்டும் ஒரு பெரியவர் பொறுப்பில் இருந்தது. யாருக்கும் சொல்லித் தராமலே அவர் திடீரென்று காலமானார். அடிக்க ஆளில்லாமல், மணியோசை இல்லாமலே அவரை அடக்கம் செய்தோம். அதற்குப் பிறகு கல்லறைப் பக்கம் ஆடுமாடு மேயப் போகவில்லை.

"மணி கேக்காம எப்படிப் போவாக? அங்கனயேதான் நிப்பாக" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

கோயில் சாமியார் தம்பியைக் கூப்பிட்டார். "அடுத்த சாவுக்குள்ள பழகிக்க. இல்லாட்டி வெளியூர் ஆளைப் போட்டுருவேன்."

சாவு மணியை எப்படிப் பழகுவது? ஒருதரம் அடித்தாலே காட்டில் இருப்பவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். தம்பி மணிக்கூண்டில் ஏறி, மணியின் நாக்கில் பழைய வேட்டியைச் சுற்றிக் கட்டினார். கீழே வந்து கயிற்றைப் பிடித்தால், முதல் இழுப்பிலேயே மணி அவரைத் தரையிலிருந்து தூக்கிவிட்டது. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளங்கை உரிய உரிய, எவ்வளவு இழுப்பது, எப்போது விடுவது என்று தாமாகவே கண்டுபிடித்தார். சத்தம் வெளியே போகவில்லை. பூட்டிய வீட்டுக்குள் யாரோ நெஞ்சில் அடித்துக்கொள்வது போல இருந்தது.

ஒருநாள் உச்சிவெயிலில் எதிர்த்த டீக்கடை மாமா ஓடி வந்தார். அவருக்குச் சுத்தமாகக் காது கேட்காது.

"ஏலே, யாருடா போனது?"

யாரும் இல்லை என்று தம்பி கையை ஆட்டினார்.

"பொய் சொல்லாத. காதுல கேக்கல, கால்ல கேக்குது. யாருக்கோ அடிக்கிற."

தம்பி கயிற்றை விட்டுவிட்டார். மறுநாள் காலையில் துணியை அவிழ்த்துவிட்டே அடித்தார். ஊரே கூடிவிட்டது. "யாருக்குடா?" என்றார் சாமியார்.

"மணி இல்லாமப் போனவருக்கு, சாமி."

அன்று சாயங்காலம் ஆடுகள் கல்லறைப் பக்கம் மேய்ந்தன. வேலை தம்பிக்கே நிலைத்தது.

அதன்பின் எங்கள் ஊரில் மணி இல்லாமல் ஒருவரும் போகவில்லை. தம் மனைவிக்கும் அவரேதான் அடித்தார். கை பிசகவில்லை. பிள்ளைகளைப் படிக்கவைத்து ஆளாக்கினார்.

கம்பத்து ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டார். "யக்கா, எனக்கு யாரு அடிப்பா?"

"நான் இருக்கேன்ல?"

"நீயா? மணி உன்னையத் தூக்கிட்டுப் போயிரும்."

"போனா உங்கூடத்தானடா வருவேன்."

சிரித்தார். பிறகு பேசவில்லை.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், "ஸ்பீக்கர்ல மணியைப் போட்டுருவோம்" என்றார்கள் இளவட்டங்கள். நான் விடவில்லை. பார்த்தே பழகியவள் நான். போய்க் கயிற்றைப் பிடித்தேன். ஒரு குடம் தண்ணீர் தூக்க மாட்டாத கை இது. கயிறு கனக்கவே இல்லை. கேட்டவர்கள் எல்லாம், இது அவர் கையல்லவா என்றார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர்களுக்கும், குழி வெட்டியவர்களுக்கும், சோறாக்கிப் போட்ட சொந்தங்களுக்கும், பூசை வைத்த சாமியாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மணிக்கூண்டில் என் கைக்கு மேலே கயிற்றைப் பிடித்து இழுத்தவருக்கும் நன்றி. யாரென்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அக்கா