மாமா தந்த மீன்

ஒரு மீனைக் கொண்டுபோய் என் மருமகனின் கண்ணாடித் தொட்டிக்குள் விட்டேன். அதனால் வந்ததை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. முப்பத்திரண்டு வருடம் பாடசாலையில் விலங்கியல் படிப்பித்தவன் நான். எந்த மீன் எதோடு சேர்ந்து வாழும், எது வாழாது என்று தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

முதலில் எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இங்கே வீடு பெண்ணுக்கு உரியது. மகள் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை அவள் வீட்டுக்கு வருவார். தாயும் தகப்பனும் அதே வளவுக்குள் சின்னதாக இன்னொரு வீட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். நானும் அப்படித்தான் குருக்கள்மடத்திலிருந்து ஒரு பெட்டியோடு ஆரையம்பதிக்கு வந்து இந்த வீட்டுப் படியேறினேன். மூன்றாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை என் மாமனார் தன் பாயையும் வெற்றிலைத் தட்டத்தையும் எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனார். போகும்போது, "கிணத்து வாளிக் கயிறு இத்துப் போச்சு மருமகன், பார்த்து மாத்துங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

என் மகள் கலியாணம் முடித்து என் முறை வந்தபோது நான் போகவில்லை.

பின்வளவில் இரண்டு அறையும் ஒரு குசினியும் கட்டிக் கூரையும் போட்டாயிற்று. சுவருக்குப் பூச்சு மட்டும் பாக்கி. பூச்சுக்காரன் வரவில்லை என்று எல்லோருக்கும் சொன்னேன். உண்மையில் அவன் இரண்டு தரம் வந்தான். மாரி மழை தொடங்கப் போகிறது, பிறகு வா என்று நான்தான் திருப்பி அனுப்பினேன். என் மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு அடுப்பைத் தூக்கிக்கொண்டு பின்னுக்குப் போனாள். சோறு பின்வீட்டில், நித்திரை முன்வீட்டில் என்று மூன்று வருடம் ஓடியது. முன் விறாந்தையை அடுத்த பெரிய அறையில் என் சாய்மனைக் கதிரை, பத்திரிகை வைக்கும் முக்காலி, வானொலி எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன.

மருமகன் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். அதிகம் பேசமாட்டார். வேலை முடிந்து வந்து வாசலில் நின்று உள்ளே பார்ப்பார். நான் கதிரையில் கிடப்பேன். "சாப்பிட்டீங்களா மாமா" என்று கேட்டுவிட்டு வந்த வழியே கிறுகிப்போய் மோட்டார் சைக்கிளைத் துடைக்கத் தொடங்குவார். பொழுதுபடும் வரைக்கும் துடைப்பார்.

"இந்த மனிசன் துடைக்கிற துடைப்பில அது தேஞ்சு சைக்கிளாப் போகப் போகுது" என்பாள் என் மனைவி. எனக்குக் கேட்கத்தான் சொல்லுவாள். நான் பத்திரிகையைத் திருப்புவேன்.

அப்படியிருக்க ஒருநாள் அவர் நாலடி நீளமான ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்தார். இந்த வீட்டுக்குள் அவர் தனக்கென்று கொண்டுவந்த முதல் பொருள் அது. மின்சாரம் எடுக்க வசதியான சுவர் ஒன்றுதான் இருந்தது. அந்தச் சுவரோடு என் கதிரை கிடந்தது.

"மாமா, இதில வைக்கட்டா?"

"ஓம், வையுங்க" என்றேன். கதிரை ஒரு முழம் தள்ளிப்போனது. அந்த ஒரு முழத்தை நான் மறக்கவில்லை.

தொட்டி வடிவாகத்தான் இருந்தது. சின்னச் சின்னக் கப்பி மீன் இருபது, மொலி மீன் ஏழெட்டு, கறுப்புச் செட்டை விரித்த ஏஞ்சல் மீன் ஒரு சோடி. அந்தச் சோடி எங்கே போனாலும் ஒன்றாகப் போகும். மருமகன் பின்னேரங்களில் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு உள்ளே வந்து தொட்டிக்கு முன்னால் குந்தியிருக்கத் தொடங்கினார். மகளும் வந்து பக்கத்தில் இருப்பாள். சிரிப்புச் சத்தம் கேட்கும். என் வானொலிச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவேன்.

அந்த மாதம் கொக்கட்டிச்சோலைப் பக்கம் எங்கள் வயல் வட்டைக்குப் போயிருந்தேன். வயலுக்குத் தண்ணீர் பாய்கிற வாய்க்காலில் ஒரு திலாப்பியாக் குஞ்சு, இரண்டு விரல் நீளம், ஒதுங்கி நின்றது. கையால் அள்ளி ஒரு தயிர்ச் சட்டிக்குள் விட்டேன். வளர்ந்தால் அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஒரு மூலையைப் பிடிக்கும். பிறகு அடுத்த மூலையும் தனக்கு என்று நிற்கும். தெரிந்துதான் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு மண்முனைப் பாலத்தைத் தாண்டி வந்தேன். வழியெல்லாம், சும்மா ஒரு மீன்தானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"நம்மட வட்டை மீன். உங்கட தொட்டிக்குள்ள விடுங்க" என்று மருமகனிடம் கொடுத்தேன். அவர் சட்டியை இரண்டு கையாலும் வாங்கினார். மனிதர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் காணவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தொட்டியைக் காட்டும்போது, "இது மாமா தந்த மீன்" என்று முதலில் அதைத்தான் காட்டுவார்.

மாமா தந்த மீன் நன்றாகச் சாப்பிட்டு உள்ளங்கை அளவுக்கு வளர்ந்தது. தொட்டிக்குள் ஒரு மண்சட்டி கவிழ்த்துவைத்திருந்த மூலையைப் பிடித்துக்கொண்டது. ஆறாம் மாதம் கப்பிகள் குறையத் தொடங்கின. மொலிகளின் வால் கிழிந்தது. மிச்சமெல்லாம் தொட்டியின் மேல் மூலை ஒன்றில் ஒடுங்கி நின்றன. பகலெல்லாம் முன்னால் இருந்தவன் நான் ஒருவன்தான். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏஞ்சல் சோடி அந்த நேரம் தண்ணீர் வடிகட்டுகிற குழாயில் முட்டை ஒட்டியிருந்தது. முட்டைக்குக் காவல் நிற்கிற மீன் கிட்ட வருவதைத் துரத்தும். பின்னேரம் மருமகன் வந்து தீன் போடும்போது ஆண் ஏஞ்சல் மற்றதுகளைத் துரத்துவதை அவரும் கண்டார்.

"மாமா, நீங்க பகல் முழுக்கப் பார்க்கிறீங்கதானே. ஆர் கொத்துறது?"

அன்று காலையில்தான் திலாப்பியா ஒரு மொலியின் கண்ணைக் கொத்தியதை நான் பார்த்திருந்தேன்.

"உங்கட ஏஞ்சல்தான்" என்றேன்.

அவர் என்னையும் மண்சட்டி மூலையையும் பார்த்தார். மறுநாள் ஆண் ஏஞ்சலை ஒரு பையில் பிடித்துக் காத்தான்குடி மீன் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். பெண் மீன் குழாயடியில் தனியே முட்டையைச் சுற்றிச் சுற்றி நின்றது. நாலாம் நாள் முட்டையும் இல்லை, அதுவும் இல்லை. செத்த மீனை வலையால் எடுத்தது நான்தான். செட்டை இரண்டும் தும்புத் தும்பாய் இருந்தன.

அடுத்த கிழமை மகள் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அப்பா, கல்முனையில ஒரு வாடகை வீடு பார்த்திரிக்கம். மாசம் முடிய போகப் போறம்."

"உனக்கெண்டு எழுதின வீடு இரிக்க, வாடகை வீடா புள்ள?"

"எனக்கு எழுதினதுதான். அவருக்கு ஒரு கதிரை போட இடமில்லையே அப்பா."

"அவர் அப்பிடிச் சொன்னாரா?"

"அவர் என்னத்தச் சொன்னார். ஏஞ்சலைக் குடுத்திட்டு வந்த அண்டைக்கு, 'நாமளும் போவமா' எண்டு கேட்டார். அவ்வளவுதான்."

தேத்தண்ணி ஆறிப்போகும் வரைக்கும் இருந்தேன். மகள் இல்லாத வீட்டில் அந்தக் கதிரையில் நான் கிடப்பதை நினைத்துப் பார்த்தேன். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு காத்தான்குடிக்குப் போனேன்.

கடைக்காரர் நாற்பது வயது மனிதர். தொப்பியும் நனைந்த சாரமுமாய் ஒரு தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒரு கறுத்த செட்டை ஏஞ்சல், போன கிழமை ஒருவர் தந்தது. இரிக்கா?"

"எக்ஸ்ரே எடுக்கிறவர்ர மீனா? அந்தா நிக்கிது சேர். சண்டைக்காரன் எண்டு சொல்லித் தந்தார். நானும் பயந்து ரெண்டு நாள் தனிய வச்சன். மறுகா கூட்டத்தோட விட்டன். ஒரு குஞ்சுக்குக் கிட்டவும் போகல்ல."

"அது முட்டைக்குக் காவல் நிண்டது. அதுதான் துரத்தினது."

"சேர் விசயம் தெரிஞ்ச ஆள் போல. அப்ப ஒங்கட தொட்டிக்குள்ள வேற ஆர் கிடக்கா?"

"ஒரு திலாப்பியா."

அவர் கையிலிருந்த தேய்ப்பானை வைத்துவிட்டுச் சிரித்தார். "கப்பிக்குள்ள திலாப்பியாவா? ஆர் சேர் அந்த அறிவாளி?"

"நான்தான்."

சிரிப்பு நின்றது. அவர் அவசரமாகப் பை தேடினார். ஏஞ்சலைப் பிடித்துப் பைக்குள் காற்றடைத்துக் கட்டும்போதுதான் மறுபடி பேசினார்.

"சும்மா கொண்டுபோய் விட்டிராதீங்க சேர். முதல்ல திலாப்பியாவை எடுங்க. எடுத்தாலும் காணாது. மிச்ச மீனெல்லாம் பயந்து ஒதுங்கின மூலையிலேயே நிக்கும். கல்லு, சட்டி, செடி எல்லாத்தையும் இடம் மாத்தி வைங்க. இடம் புதிசானா எல்லாருக்கும் புதிசு. லைட்டை அணைச்சிட்டு விடுங்க."

பின்னேரம் வாசற்படியில் மருமகனுக்காகக் காத்திருந்தேன். பையை ஒரு வாளித் தண்ணீருக்குள் மிதக்க விட்டிருந்தேன். அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தித் துணியை எடுக்க முன்பே சொல்லிவிட்டேன்.

"மருமகன், ஏஞ்சல் கொத்தல்ல. நான் தந்த மீன்தான் கொத்தினது. நான் கண்டன். கண்டுகொண்டுதான் உங்களிட்டப் பொய் சொன்னன்."

அவர் வாளிக்குள் குனிந்து பார்த்தார். மீனை அடையாளம் கண்டதும் அவர் கை தானாகவே பையைத் தொட்டது.

"எனக்கும் முதலே அந்தத் திலாப்பியாவிலதான் ஐமிச்சம் மாமா."

"அப்ப ஏன் அதை எடுக்கல்ல?"

"நீங்க தந்த மீன். நான் எப்பிடி எடுக்கிற? நீங்க எடுக்கச் சொன்னா எடுக்கலாம் எண்டுதான் ஆர் கொத்துற எண்டு கேட்டன். நீங்க ஏஞ்சல் எண்டீங்க."

 அவர் இந்த வீட்டுக்கு வந்து அத்தனை வருடத்தில் நான் அவருக்குக் கொடுத்தது அந்த மீன் ஒன்றுதான்.

திலாப்பியாவைப் பிடிக்க அரைமணி நேரம் போனது. மூலைக்கு மூலை ஓடியது. அறையெல்லாம் தண்ணீர். என் மனைவி வந்து இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

"ரெண்டு ஆம்பிளையள், ஒரு மீன்" என்றாள். மருமகன் வாய்விட்டுச் சிரித்தார். பிடித்த மீன் அதே தயிர்ச் சட்டிக்குள் போனது. "கறிக்கும் காணாது" என்று அதையும் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு கல்லையும் சட்டியையும் செடியையும் வெளியே எடுத்தோம். ஒவ்வொன்றையும் கையில் வைத்துக்கொண்டு அவர், "இதை எங்க வைப்பம் மாமா?" என்று கேட்டார். பழக்கதோஷத்தில் ஒரு தரம் விரலை நீட்டிவிட்டேன். பிறகு கையை மடக்கிக்கொண்டு, "உங்கட தொட்டி, நீங்க வைங்க" என்றேன். மண்சட்டி நடுவுக்கு வந்தது. கல்லெல்லாம் இடது பக்கம் போனது. லைட்டை அணைத்து ஏஞ்சலை விட்டோம். அது குழாயடிக்குப் போய் நின்றது. சோடியைத் தேடியதோ என்னவோ, எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

"இந்தக் கதிரையில ஒரு பக்கம் பிடிங்க" என்றேன்.

"அது கிடக்கட்டும் மாமா. எங்களுக்கு இடஞ்சலில்ல."

"பிடிங்க மனே."

சாய்மனைக் கதிரை பாரம். இரண்டு பேருமாகக் கிணற்றடியால் சுற்றிப் பின்வளவுக்குத் தூக்கிப் போனோம். பூசாத சுவரோடு அதைப் போட்டபோது என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன, பூச்சுக்காரன் வந்திட்டானா?"

மகளும் மருமகனும் கல்முனைக்குப் போகவில்லை. என் கதிரை கிடந்த இடத்தில் இப்போது பிரம்புக் கதிரை இரண்டு இருக்கின்றன. திலாப்பியாவை மறுநாள் வட்டை வாய்க்காலில் கொண்டுபோய் விட்டேன்; திரும்பிப் பார்க்காமல் போனது. பின்வீட்டுச் சுவர் இன்னும் பூசாமலே கிடக்கிறது. இப்போது ஆளனுப்பினாலும் பூச்சுக்காரன் வருவதில்லை. நான் சொல்வதை நம்புகிறவர் யாருமில்லை.

பகலில் மருமகன் வேலைக்குப் போனபிறகு தொட்டிக்குத் தீன் போடும் வேலையை என்னிடம் தந்திருக்கிறார். முன்வீட்டுப் படியில் நின்று மகளைக் கூப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன். கப்பிகள் மறுபடி பெருகிவிட்டன. சட்டிக்குள்ளும் வெளியிலுமாய் ஓடித் திரிகின்றன. ஏஞ்சல் யாரையும் துரத்துவதில்லை. தீன் விழுந்தவுடன் வராது. எல்லாம் தின்று முடித்த பிறகு குழாயடியிலிருந்து மெல்ல வரும். அதற்கென்று ஒரு நுள்ளுத் தீனைக் கையில் மிச்சம் வைத்துக்கொண்டு நிற்பேன்.