காக்கி கண்டால் குனியும் இடுப்பு

திண்டுக்கல்லுக்கு வந்து குடியேறிய பிறகு நான் முதன்முதலில் இடுப்பு வளைத்து வணங்கியது ஒரு தபால்காரரை. வாசலில் காக்கிச் சட்டை தெரிந்தது. அவ்வளவுதான், தோள்துண்டு தானாகக் கைக்கு வந்தது, பார்வை தரைக்குப் போனது, முதுகு வளைந்தது. என் முன்னால் தேய்ந்த டயர்ச் செருப்பு இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றன. "என்னங்கய்யா இது, நான் தபால்காரன். என்னையப் போயி இப்பிடிக் கும்புடுறீங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் நிமிர்ந்தேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கோ படபடப்பு அடங்க ஒரு சொம்புத் தண்ணீர் வேண்டியிருந்தது.

பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் விளக்க வேண்டும். இந்த ஊரில் காக்கிக்குப் பஞ்சமே இல்லை. பஸ் கண்டக்டர் காக்கி, ஆஸ்பத்திரிக் காவல்காரர் காக்கி. ஆனால் ஒருவரும் பயப்படுவதில்லை. பண்ணைக்காரரைக் கண்டால் தோள்துண்டு இடுப்புக்கு இறங்குகிறது, வாத்தியாரைக் கண்டால் இரண்டு கையும் சேர்கின்றன, அதோடு சரி. தாடிக்கொம்புப் பெருமாளுக்கே நடக்கிற நடையில் கன்னத்தில் போட்டுக்கொண்டு பஸ் பிடிக்க ஓடுகிறார்கள். நான் மட்டும் சந்தையில் ஒரு கான்ஸ்டபிளுக்கு இடுப்பு வளைத்து நின்றேன். அவருக்கு என் மரியாதை மரியாதையாகப் படவில்லை. "ஏய்யா, எதுக்கு இம்புட்டுப் பம்முற? பையில என்ன வச்சிருக்க?" என்று பையைக் கொட்டச் சொன்னார். கத்தரிக்காயும் சிறுமலை வாழைப்பழமும் உருண்டன. சுற்றி நின்றவர்கள் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். பர்மாவில் குனியாதவன் குற்றவாளி, இங்கே குனிந்தவன் குற்றவாளி.

இங்கே பக்கத்தில் எரியோட்டில் பிறந்த நானும் என் அண்ணன் சின்னச்சாமியும் சிறுவயதிலேயே பர்மா போனவர்கள். அண்ணனுக்கு வெள்ளைக்காரர் மரக் கம்பெனியில் வாசல் காவல். வருகிற துரைக்கெல்லாம் நெற்றியில் கை வைத்து சலாம் போடுவதுதான் பாதி வேலை. பிறகு யுத்தம் வந்தது, துரைகள் ஓடினார்கள், ஜப்பான்காரன் வந்தான். பாலத்துக்குப் பாலம் சிப்பாய் நிற்பான். சைக்கிளை விட்டு இறங்கி, தொப்பியோ தலைப்பாகையோ இருந்தால் கழற்றி, இடுப்பிலிருந்து குனிய வேண்டும். அவன் உறுமி விரட்டும்வரை நிமிரக் கூடாது. ஒருநாள் காலை பாலத்தில் அண்ணன் முன்னால் போனார், நான் பின்னால். என்ன ஞாபகமோ, அண்ணனின் பழகிய கை நெற்றிக்குப் போய்விட்டது. ஜப்பான்காரனுக்கு வெள்ளைக்கார சலாம். அதைப் பார்த்துக்கொண்டே நான் குனிந்துவிட்டேன். குனிந்தவன் கண்ணுக்குப் பூட்ஸ் மட்டும்தான் தெரியும். இரண்டு பூட்ஸும் டக்கென்று சேர்ந்தன. அறை விழுந்தது, துப்பாக்கிக் கட்டை விழுந்தது. அண்ணனுடைய வெறுங்கால்கள் புழுதியில் கோடு இழுத்துக்கொண்டே போயின. அவர் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து என் கை நெற்றிப் பக்கம் போனதில்லை. வெயிலுக்குக்கூட நான் கண்ணுக்குமேல் கை வைத்துப் பார்ப்பதில்லை.

யுத்தம் முடிந்து பல வருஷம் கழித்து அந்த நாட்டு ராணுவமே ஆட்சியைப் பிடித்து நான் அங்கே வைத்திருந்த கடையை எடுத்துக்கொண்டபோது யாரும் என்னைக் குனியச் சொல்லவில்லை. நானாகக் குனிந்தேன். அந்த இடுப்போடுதான் இங்கே வந்து இறங்கினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் ஒரே மகன் தங்கவேல் கல்லூரியில் என்.சி.சி.யில் இருக்கிறான். பெரியப்பா கதை தெரிந்தவன், அதனால் உடுப்பை என் கண்ணில் காட்டமாட்டான். என் மனைவி பேச்சியம்மாள் அதைத் துவைத்துக் கொல்லைப்புறம் காயப்போட்டு எடுத்து வைப்பாள். போன மாதம் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "பட்டாளத்துல சேரட்டுமாப்பா?" என்று கேட்டான். பேச்சை மாற்ற, அங்கே எப்படிக் கும்பிடுவார்கள் என்று கேட்டேன். "தொப்பி இல்லாத தலையோட சல்யூட் அடிக்கக் கூடாதுப்பா. அடிச்சா, பெரியவரு பதிலுக்கு அடிக்கிற வரைக்கும் கைய எறக்கக் கூடாது" என்றான். "அவரு பதிலுக்கு அடிக்கலேன்னா?" என்றேன். "அடிப்பாருப்பா. அதான் முறை." பதில் வணக்கம் வைக்கிற சிப்பாயை நான் கண்டதில்லை. அதனால் நம்பவும் இல்லை.

அவன் கேள்விக்குப் பதிலே சொல்லாமல் நாளைக் கடத்தினேன். "ஆமாங்குறதோ இல்லேங்குறதோ, புள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று பேச்சியம்மாள் நச்சரித்தாள். எல்லையில் அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவள் பயந்தாள். என் பயம் வேறு. ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு பாலத்தில் என் மகன் துப்பாக்கியோடு நிற்க, எவனுடைய அண்ணனோ கையை மாற்றி வைத்துவிட்டால்? இதை அவளிடம்கூடச் சொல்ல முடியவில்லை.

நேற்றுப் பொழுது சாய்ந்த நேரம். விளக்கு இன்னும் ஏற்றவில்லை. வாசற்படியில் காக்கி நின்றது, தலையில் தொப்பி. நான் எழுந்ததும் குனிந்ததும் ஒன்றாக நடந்தது. கீழே பூட்ஸ். அசையவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. பிறகு அந்த இரண்டு பூட்ஸும் டக்கென்று சேர்ந்தன. கண்ணை இறுக மூடிக்கொண்டு அறைக்காகக் காத்திருந்தேன்.

அறை விழவில்லை. "அப்பா" என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். தங்கவேல், விறைப்பாக, வலக்கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றான். கண்ணீர் வழிந்து மோவாயில் நின்றது. அதைத் துடைக்கக்கூட அவன் கையை இறக்கவில்லை. நான் பதில் தரும்வரை இறக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். உள்ளே பேச்சியம்மாள் தீக்குச்சியை உரசாமல் பிடித்தபடி நின்றாள்.

என் தலையில் தொப்பி இல்லை, துண்டுகூட இல்லை. அண்ணனுக்குப் பிறகு முதல்தடவையாக என் வலக்கை நெற்றிவரை போனது. மகன் கையை இறக்கினான். இடுப்பு மட்டும் இன்னும் பாதி வளைந்தபடியே இருந்தது.