பிரியாணி எங்கே என்றொரு வாழ்த்து

இங்கிலாந்தில், இந்த லீட்ஸில், வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் அனுமதி கேட்கிறார்கள். இன்று காலை அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரி ஹெலன், துக்க வீட்டுக்குள் நுழைகிறவள் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்து, "நேற்று உங்களுக்கு ஈத் இல்லையா? ஹேப்பி ஈத் என்று சொல்லலாமா? இந்த ஈதுக்கு ஹேப்பி போடலாம்தானே?" என்றாள். போடலாம் என்றேன். "ஹேப்பி ஈத்" என்றாள். நன்றி என்றேன். அதோடு முடிந்தது. பெரிய வேலை ஒன்றைப் பிசகில்லாமல் முடித்த நிம்மதியில் அவள் நாற்காலிக்குத் திரும்பிவிட்டாள். நான்தான் அடுத்த வரிக்காகக் காத்துக்கொண்டு அசடு மாதிரி நின்றிருந்தேன். அடுத்த வரி வராது என்று தெரியும். இத்தனை வருஷமாக வரவில்லை. ஆனாலும் முடிச்சூரில் வளர்ந்த காது கேட்டால்தானே.

ஹெலனைக் குறை சொல்ல மாட்டேன். நான் வந்த புதிதில் எனக்குத் தீபாவளி வாழ்த்துச் சொன்ன ஒரே ஆள் அவள். இந்தியன் என்றால் தீபாவளி என்று நினைத்துவிட்டாள். நானும் வாங்கிக்கொண்டேன், வந்த வாழ்த்தைத் திருப்பி அனுப்புகிற அளவுக்கு எனக்கு இங்கே வசதி இல்லை. பிறகு யாரோ என் பெயரைச் சொல்லி விளக்கியிருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் வந்தது. அந்த வருஷக் கிறிஸ்துமஸ் இன்னும் மோசம். "மெர்ரி" என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தி, "நல்ல வாரயிறுதி" என்று முடித்தாள். அன்று புதன்கிழமை.

நான் காத்திருந்த அந்த அடுத்த வரி எது என்று ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரம்ஜானோ பக்ரீதோ, தாம்பரம் பக்கம் யாரும் எங்களுக்கு வாழ்த்துச் சொல்வதில்லை. "இன்னா பாய், பிரியாணி எங்க?" என்பார்கள். வாழ்த்து, விசாரிப்பு, மிரட்டல் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். அத்தா இருந்தவரை அவரிடம் கேட்டார்கள். அவர் மறைந்தபின் பாய் பட்டத்தோடு இந்தக் கேள்வியும் எனக்குச் சொத்தாக வந்தது. கேட்பதில் முதல் ஆள் தனசேகர் அண்ணன். எங்கள் அடுக்ககம் நிற்கிற இடம் ஒருகாலத்தில் அவர்கள் வீட்டு நெல்வயல். அதை விற்றுவிட்டு அதே தெருவில் சிமென்ட், கம்பி, ஜல்லிக் கடை வைத்திருக்கிறார். எங்கள் அடுக்ககத்திலேயே தரைத்தளத்தில் குடியிருக்கிறார். பெருநாள் காலையில் பல் துலக்கிய கையோடு கீழே நின்று கத்துவார். அம்மா இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து, "தம் போட்ட எனக்கே அவசரமில்ல, உனக்கென்னடா?" என்பார். தீபாவளிக்கு அப்படியே தலைகீழ். அம்மா மேலிருந்து, "தனசேகரு, அதிரசம் எங்கடா?" அவர் கீழிருந்து, "மாவே இன்னும் பிசையல பாயம்மா, நாக்க அடக்கு!"

அம்மா வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்ததே கிடையாது. தேக்சா நிறையச் சமைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். கேட்பார்கள், கொடுப்பார். அத்தா போன நாளிலிருந்து என்னோடு வந்துவிடும்படி நான் கெஞ்சும்போதெல்லாம் அவர் பதில் ஒன்றுதான்: "அங்க வந்து யாருக்கு ஆக்குறது? இங்கன்னா கேக்க ஆள் இருக்கு."

போன பக்ரீதுக்கு அந்தக் கேள்விக்கு ஆபத்து வந்தது. தனசேகர் அண்ணன் வழக்கமான கேள்வியை, கத்துவதோடு நிறுத்தாமல், அடுக்ககத்தின் வாட்ஸ்ஆப் குழுவிலும் போட்டுவிட்டார். மூன்றாம் மாடிக்குப் புதிதாக வந்திருந்த ஐடி தம்பி, உணவை வைத்து ஒரு சமூகத்தைக் கிண்டல் செய்வது இழிவு என்று நீளமாக எழுதினார். நல்ல பையன், நல்ல எண்ணம். அதற்கு நாலு பேர் கைதட்டினார்கள். தீபாவளிக்கு மட்டும் புகை, மாசு என்று போடுகிறீர்களே, எங்கள் மனது புண்படாதா என்று நாலு பேர் கிளம்பினார்கள். கேக்கில் முட்டை இருந்ததை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று ஒருவர் பழைய கிறிஸ்துமஸ் பகையைத் தோண்டினார். கடைசியில் செயலாளர் தீர்ப்புச் சொன்னார்: இனிமேல் பண்டிகைக்கு வீட்டுக்கு ஒரு படம் மட்டும், சாப்பாட்டைப் பற்றிப் பேச்சே கூடாது. தனசேகர் அண்ணன் குழுவை விட்டு வெளியேறினார். லீட்ஸில் பேருந்தில் உட்கார்ந்து இதையெல்லாம் படித்துச் சிரித்தவன் நான்தான். வீடியோ காலுக்கு மட்டும் போனைத் தொடுகிற அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது.

இந்த ரம்ஜானுக்கு ஊருக்குப் போயிருந்தேன். தொழுகை முடிந்து வந்தபோது அம்மா தம் உடைத்துவிட்டிருந்தார். பால்கனிக் கதவு திறந்தே இருந்தது. தண்ணீர் லாரி வந்து போனது, காய்கறி வண்டி வந்து போனது, கேள்வி மட்டும் வரவில்லை. என் போனில் பிறையும் விளக்கும் ஜிகினாவுமாகப் படங்கள் கொட்டின.

"எல்லாரும் வாழ்த்து அனுப்பியிருக்காங்கம்மா."

"எல்லாரும் வீட்லதான் இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்ப ஏன் யாரும் கேக்கல?"

விளக்க முயன்றேன். தப்பாக நினைத்துக்கொள்வீர்களோ என்ற மரியாதை என்றேன். அம்மா தேக்சாவின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். நானே டப்பாக்களில் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"நாமளா கொண்டுபோய்க் குடுத்தா அது தர்மம். நான் என்ன தர்மமா பண்றேன்?"

மதியம் தாண்டியது. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வைத்த தாள்ச்சாவில் எண்ணெய் படிந்து ஆடை கட்டியது. அம்மா பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு வந்து, "உங்க ஊருக்கு டிக்கெட் போடு. நானும் வரேன்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை வருஷம் கெஞ்சியிருக்கிறேன். துள்ளியிருக்க வேண்டும். தயிர் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். வீட்டில் தயிர் நிறைய இருந்தது.

தனசேகர் அண்ணன் கடையில், அந்தப் பெரிய சென்னை வெள்ளத்துக்குப் பிறகு உயர்த்திக் கட்டிய படியில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா தம்பி, எப்ப வந்த?"

"வந்து நாலு நாளாச்சுண்ணா. நீங்க ஏன் வரல?"

"எப்டி வர்றது? இத்தினி வருசமா நான் வாழ்த்து சொல்றேன்னு நெனச்சிகினு இருந்தேன். அது கேவலப்படுத்துறதாம். படிச்சவங்க சொல்றாங்க. உங்கம்மாவும் மனசுக்குள்ள அப்டித்தான் நெனச்சிகினு இருந்தாங்களோன்னு ஒரே பேஜாரா போச்சுபா."

"அம்மா டிக்கெட் போடச் சொல்லிட்டாங்கண்ணா."

"எதுக்கு?"

"யாரும் கேக்கல இல்ல."

அவர் எழுந்தார். லுங்கியை மடித்துக் கட்டினார். அடுக்ககத்தின் கேட்டுக்குள் கால் வைக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்: "பாயம்மா! பிரியாணி எங்க?"

சாத்தியிருந்த பால்கனிக் கதவு படாரென்று திறந்தது. "காலையிலருந்து எங்கடா ஒழிஞ்ச? ஆறிப்போனதுதான் கிடைக்கும், வா!"

அந்தச் சத்தத்துக்கு இரண்டு மூன்று வீட்டுக் கதவுகள் திறந்தன. தனசேகர் அண்ணன் இரண்டாவது தட்டில் இருந்தபோது மூன்றாம் மாடித் தம்பி வாசலில் வந்து நின்றார்.

"ஆன்ட்டி, நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"பிரியாணி... இருக்குங்களா?"

"எங்கன்னு கேளுடா!" என்று தனசேகர் அண்ணன் வாய் நிறையச் சோற்றோடு கத்தினார்.

"எங்க ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டு, "ஆனா நான் நான்வெஜ் சாப்பிட மாட்டேன்" என்றார்.

"அப்புறம் எதுக்குடா கேட்ட?"

"எல்லாரும் கேக்கறாங்களே."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அவருக்கு சேமியா பாயசம் ஊற்றினார். எல்லா வீட்டாரும் வந்துவிடவில்லை. சிலர் படத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். பாதி தேக்சா மிஞ்சியது.

சாயங்காலம் விமான டிக்கெட் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மா முகத்தைப் பார்த்தேன். "அத ஏன் தொறந்து வச்சிருக்க?" என்றார். "பக்ரீதுக்கு அந்தப் பையனுக்குத் தனியா கேரட் பீன்ஸ் போட்டு ஆக்கணும். சின்ன தேக்சா பரண்மேல இருக்கு, எடுத்துக் குடுத்துட்டுப் போ." எடுத்துக் கொடுத்தேன். அம்மாவை அழைத்துவர எனக்குக் கிடைத்த ஒரே நாளை, சிமென்ட் கடைவரை நடந்துபோய் நானே கெடுத்துக்கொண்டேன். இந்த மூளைக்கு லீட்ஸில் மாதாமாதம் சம்பளம் வேறு தருகிறார்கள்.

இங்கே பக்ரீத் நேற்று. முடிச்சூரில் பிறைக் கணக்கு ஒரு நாள் தள்ளி, அவர்களுக்கு இன்று. ஆகவே என் டப்பாவில் நேற்றைய பிரியாணி. பதினோரு மணித் தேநீர் இடைவேளையில் அதைச் சூடாக்கி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரில் ஹெலன் சாண்ட்விச்சைப் பிரித்தாள். அப்போதுதான் போன் அடித்தது. எடுத்ததும் ஒரு கர்ஜனை.

"இன்னா பாய், பிரியாணி எங்க?"

"அம்மா குடுக்கலையாண்ணா?"

"அது பாயம்மா பிரியாணி. நான் கேக்கறது உன்னுது!"

பின்னால் அம்மா யாரையோ திட்டுவதும், தட்டுகள் இடிபடுவதும், கேரட் பீன்ஸ் என்று யாரோ சொல்வதும் கேட்டது.

"அவர் கோபமாக இருக்கிறாரா?" என்றாள் ஹெலன், கவலையோடு.

"இல்லை. ஹேப்பி ஈத் சொல்கிறார்."

அவள் நம்பவில்லை. புண்படுத்தாமல் புன்னகைத்தாள். நான் போனை வைத்துவிடாமல், ஸ்பீக்கரில் போட்டு மேசையில் சாய்த்து வைத்தேன். டப்பாவை இருவருக்கும் நடுவில் நகர்த்தி, மூடியைத் திறந்து, பக்கத்தில் இன்னொரு கரண்டியையும் வைத்தேன். இதற்குமேல் என்ன செய்ய? நானும் அம்மாவின் பிள்ளைதான், நானாக நீட்டமாட்டேன். ஹெலன் டப்பாவைப் பார்த்தாள். கரண்டியைப் பார்த்தாள். நல்ல வாசனை என்றாள். பிறகு சாண்ட்விச்சை எடுத்துக் கடித்தாள். போனில் தனசேகர் அண்ணன் எலும்பு கடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.