கைராசிக்காரர் போட்ட மதிப்பெண்

வெள்ளைக்காரர்கள் நடத்தும் அந்தக் கால்பந்து கிளப்பில் அவருக்குக் கைராசிக்காரர் என்றுதான் பெயர். இருபத்திரண்டு வருடமாக ஆட்டக்காரர்களின் தொடையையும் கெண்டைக்காலையும் பிடித்துவிடுகிறவர். பிடிப்பு எந்தச் சதையில் இருக்கிறது என்று அவர் கட்டைவிரலே கண்டுபிடித்துவிடும். அப்படிப்பட்ட மனுஷன் சிகிச்சை அறையின் தலைமைப் பதவிக்கு மூன்று முறை மனுப் போட்டார். மூன்று முறையும் வெள்ளைத்தோல்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அதில் ஒருத்தனுக்குக் கணுக்காலில் பட்டி சுற்றவே இவர்தான் சொல்லிக்கொடுத்தார். கறுப்பாகப் பிறந்தவர் வேறு என்னதான் செய்வார், சொல்லுங்கள்!

இந்த வருடம் புது விதி வந்தது. நேர்காணலில் கேள்வி கேட்பவர்களில் ஒருவராவது கறுப்பராக இருக்க வேண்டுமாம். மேலாளர் இவர் தோளில் தட்டி, "நீங்கதான் வரணும்" என்றார். கேள்வி கேட்கிறவர் அந்தப் பதவிக்கு மனுப் போட முடியாது என்பதை அப்புறம்தான் சொன்னார்கள்.

"கேள்வி கேக்குற நாற்காலியே கிடைச்சிருக்கு, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்களே?" என்றாள் மனைவி.

"அந்த நாற்காலிய நீயே வச்சுக்க."

மேலாளர், கிளப் மருத்துவர், இவர் என்று மூன்று பேர். ஆளுக்குப் பத்து மதிப்பெண்வரை போடலாம். முதலில் ஒரு வெள்ளைக்கார இளைஞன் வந்தான். சுமார்தான். இவர் ஏழு போட்டார்.

அடுத்து வந்தவள் கறுப்புப் பெண், முப்பது வயதிருக்கும். முழங்கால் அறுவை முடிந்தவனை எந்த வாரம் ஓடவிடலாம் என்று மருத்துவர் கேட்க, அவள் எதிர்க்கேள்வி போட்டாள். மருத்துவர் அசந்துபோனார். மேலாளர் எழுந்துபோய் அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். ஒருநாளாவது இவரை "உக்காருங்க" என்று சொல்லியிருப்பாரா அந்த மனுஷன்?

கைராசிக்காரருக்கு வயிறு பற்றி எரிந்தது. வெள்ளைக்காரன் வந்து உட்கார்ந்தபோதெல்லாம் எரிந்தது வேறு, அது பழகிப்போனது. தன் நிறத்திலேயே ஒருத்தி, நேற்றுப் பிறந்தவள், பொசுக்கென்று உள்ளே நுழைவதாவது! அப்போ நான் என்ன இளிச்சவாயனா? பேனாவை எடுத்தார். மூன்று போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

அவள் வெளியே போனதும் மேலாளர் கூட்டிப் பார்த்தார். இளைஞனுக்கு இருபத்தொன்று, அவளுக்குப் பத்தொன்பது.

"நல்லவேளை, இனிமே நாம நிறம் பாக்குறோம்னு ஒருத்தனும் வாயத் திறக்க முடியாது" என்று சிரித்தார். "நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கு எட்டு போட்டோம். உங்க ஆளுக்கு நீங்கதான் மூணு போட்டிருக்கீங்க."

"அந்தத் தாளக் கொஞ்சம் குடுங்க. அவசரத்துல போட்டுட்டேன்."

"கையெழுத்துப் போட்டுட்டீங்களே" என்று மேலாளர் கோப்பை மூடினார்.

அவளைக் கூப்பிட்டு முடிவைச் சொன்னார்கள். இவர் தாழ்வாரத்துக்கு வந்தபோது அவள் சான்றிதழ்களைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"கிடைக்கலண்ணே. பரவால்ல. உள்ள நம்ம ஆள் ஒருத்தர் இருந்தீங்களே, அதுலயே பாதி பயம் போயிடுச்சு. நீங்க எனக்காகப் பேசியிருப்பீங்கன்னு தெரியும்."

அவர் அவள் பையின் வாயை விரித்துப் பிடித்தார்.

"அடுத்த தடவையும் நீங்கதானே இருப்பீங்க?"

"ஆமாம்மா" என்றார் கைராசிக்காரர்.