மாரெக் விட்டதாகச் சொல்லும் கோல்

மாரெக் அந்தக் கோலை விடவில்லை. பழி மட்டும் இன்றுவரை அவர்மேல் கிடக்கிறது. போன சனிக்கிழமை லவால் நகரில் எங்கள் தமிழ் உதைபந்தாட்டக் கழக விருந்து. அவரையும் மனைவியையும் அழைத்து முன்மேசையில் இருத்திவிட்டு, அதையே பகிடியாகச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஈர ரப்பரும் புல்லும் சேர்ந்த ஒரு நாற்றம்... புவாண்ட்-கிளேர் கிடங்கில் ஒன்றாக வேலை செய்த காலத்தில், மாரெக் கோல் காக்கும் தன் கையுறைகளைச் சாப்பாட்டு அறை ஹீட்டரில் காயப்போடுவார். "அண்ணை, இதென்ன செத்த எலியோ?" என்று பெடியள் மூக்கைப் பொத்துவார்கள். அவர் அசையமாட்டார்.

போலந்தில் சம்பளத்துக்குக் கோல் காத்தவர். முழங்கால் போனதும் அந்த வாழ்க்கை முடிந்தது. இங்கே வந்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நான்தான் அவரை எங்கள் அணிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் படித்த முதல் தமிழ்ச் சொல் "விடு". எங்கள் ஆட்டத்தில் "விடு" என்று கத்துகிறவருக்குத்தான் பந்து, மற்றவர் விலகவேண்டும். மாரெக் அடிவயிற்றிலிருந்து "விடூ" என்றால் பக்கத்து மைதானத்து ஆட்களும் விலகுவார்கள்.

அந்தக் கோல் விழுந்த இறுதிப் போட்டியில் எதிரணியும் தமிழர்தான். ஆட்டம் முடியப்போகிற நேரம். பந்து மெதுவாக உருண்டு வந்தது. மாரெக் குனிந்துவிட்டார். பின்னால் ஓடிவந்த எங்கள் யோகன், "விடு, விடடா" என்று கத்தினான். மாரெக் கையை எடுத்தார். பந்து உள்ளே போனது, கோப்பையும் போனது.

கோலுக்குப் பின்னால் நின்ற நான் பார்த்தேன். யோகன் கத்தியது மாரெக்கைப் பார்த்து அல்ல. தன் ஜெர்சியைப் பிடித்து இழுத்த எதிரணிக்காரனைப் பார்த்து.

"வெள்ளையன் விட்டிட்டான்" என்று எல்லாரும் சொன்னபோது யோகன் வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமை மாரெக் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "அண்ணை, யோகன் விடு சொன்னது. நான் விட்டது. பிழையா?"

"பிழையில்லை" என்றேன். அதற்குப் பிறகு அவர் விளையாடவேயில்லை.

யோகன் இப்போது கழகத் தலைவர். சனிக்கிழமை மைக்கைப் பிடித்து, "கோப்பையைத் தூக்கிக் குடுத்த எங்கட கொடைவள்ளல் மாரெக்" என்றான். மண்டபம் சிரித்தது. என்ன சொல்கிறார்கள் என்று மனைவி பிரெஞ்சில் கேட்டார். ஒன்றுமில்லை என்றார் மாரெக். அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது.

வாசலில் யோகனை மறித்தேன்.

"பழசைக் கிண்டாதேங்கோ அண்ணை. ஒரு கோல்தானே."

"அப்ப உள்ள போய் உண்மையைச் சொல்லு. ஒரு சொல்தானே."

"பேந்து பாப்பம்." அந்தப் 'பிறகு' இன்னும் வரவில்லை.

அந்த நாட்களில் தோற்றாலும் ஒரே வாகனத்தில் நெருக்கியடித்து, ஒருவர் வியர்வை மற்றவரில் பட வீடு வருவோம். இப்போது ஆளுக்கொரு கார்... ஆளுக்கொரு வசதியான ஞாபகம்.

யோகன் இல்-பிசாரில் உள்ள மாரெக்கின் வீட்டுக்குப் போய், அவர் மனைவியின் காதுபட நடந்ததைச் சொல்லவேண்டும். பிரெஞ்சு வராவிட்டால் தன் மகளைக் கூட்டிக்கொண்டு போகட்டும். செயலாளர் அடுத்த கூட்டத்தில் முதல் ஆளாக அவனிடம் மைக்கைக் கொடுக்கவேண்டும். அன்று சிரித்தவர்கள் எல்லாரும் வந்திருந்து கேட்கவேண்டும்.

மாரெக் ஒன்றும் செய்யவேண்டாம். மன்னிக்கக்கூட வேண்டாம்.